வயது கலந்த வகுப்பும் சாதி கலக்காத ஊரும்

(சங்கரன்கோவிலில் மாணவர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



2022 செப்டம்பரில் நம்ம பக்கத்துப் பாஞ்சாகுளத்தில் நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். தின்பண்டம் வாங்கப் போன பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை, ஊர்க் கட்டுப்பாடு என்று சொல்லி வெறுங்கையோடு அனுப்பினார்கள். வீடியோ பரவிய பிறகுதான் கைது, கடைக்கு சீல் எல்லாம். எழுத்துக் கூட்டிப் படிக்கிற வயசிலேயே அந்தப் பிள்ளைகளுக்குச் சாதிப் பாடம் நடத்தியாகிவிட்டது. கல்வி பற்றி நாம் பேசுவதை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

மரியா மாண்டிசோரி என்ற இத்தாலிய மருத்துவர் 1907-இல் ரோம் நகரின் சான் லொரன்சோ பகுதியில் தன் முதல் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கினார். அப்பனும் ஆத்தாளும் வேலைக்குப் போய்விட, கேட்பாரற்றுத் திரிந்த ஏழைப் பிள்ளைகள் அவர்கள். 1939-இல் அடையாறுக்கு வந்து இங்கேயும் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். ஆக, கூலிக்காரர் பிள்ளைகளிடம் பிறந்த கல்வி இது. இன்றைக்கு அந்தப் பெயர்ப்பலகை எந்தத் தெருவில் தொங்குகிறது என்று நான் சொல்லணுமா?

அந்த அறையில் மூணு வயசு முதல் ஆறு வயசு வரை ஒன்றாக இருக்கும். உப்புத்தாளில் வெட்டி ஒட்டிய எழுத்தை விரலால் தடவிப் பழகும். ஒவ்வொரு பொருளும் ஒண்ணே ஒண்ணுதான். அடுத்தவன் முடிக்கும்வரை காத்திருக்கணும். சின்னது பெரியதைப் பார்த்துக் கற்கும். பெரியது சொல்லிக் கொடுக்கும்போது தனக்கே தெளிவாகும். மரத்துண்டு குழியில் சேரவில்லை என்றால் தப்பு எங்கே என்று மரமே சொல்லிவிடும். 'உனக்கெல்லாம் படிப்பு எங்கே ஏறப்போகுது' என்று கேட்டே வளர்ந்த நமக்குத்தான் இதன் அருமை தெரியும். இன்னொன்று: முதல் வருசம் கடைக்குட்டியாக இருப்பவன் மூணாவது வருசம் மூத்தவன். சாதியில் அப்படி ஒரு மூணாவது வருசம் கிடையாது.

நம்ம பள்ளிக்கூடத்திலேயும் அஞ்சு வகுப்பும் ஒரே கூடத்தில்தானே இருக்கு என்று ஒரு தோழர் கேட்டார். இருக்கு. ஆனால் அங்கே வாத்தியார் இல்லாத நேரத்துக்குப் பெரிய பிள்ளை சம்பளமில்லாத காவல்காரி. பொருளும் இல்லை, பயிற்சி பெற்ற ஆளும் இல்லை. அதை மாண்டிசோரி என்று யாரும் நம்மிடம் விற்க வேண்டாம்.

அரசு செய்ததையும் பாருங்கள். 2019-இல் நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடிகளில் மாண்டிசோரி முறை என்று எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கினார்கள். பெயர் மாண்டிசோரி, ஆனால் வயதைப் பிரித்து இரண்டு வகுப்பு! உபரி என்று கணக்கெழுதி இடைநிலை ஆசிரியர்களை அங்கே மாற்றினார்கள். அவர்கள் நீதிமன்றம் போனார்கள். 2022-இல் மூடப்போவதாகச் சொல்லி, எதிர்ப்பு கிளம்பியதும் 5,000 ரூபாய் ஊதியத்தில் தற்காலிக ஆசிரியர்கள் என்றார்கள். நம்ம பிள்ளைக்குக் கிடைக்கிற புதுமை எல்லாம் இந்த விலைக்குத்தான்.

வயது கலந்தால் மட்டும் போதாது. சேரிக்கு ஒரு பால்வாடி, ஊருக்கு ஒரு பால்வாடி என்று இருக்கிற இடத்தில் எத்தனை வயதைக் கலந்து என்ன? ஒரே பாயில் உட்கார வேண்டிய பிள்ளைகள் அந்த அறைக்கே வருவதில்லையே.

மாணவத் தோழர்கள் இந்த லீவில் அவரவர் ஊர்ப் பால்வாடிக்குப் போங்கள். எந்தத் தெருப் பிள்ளைகள் வருகிறார்கள், யார் சமைக்கிறார், அதை யார் சாப்பிட விடுவதில்லை, கையில் எடுத்துப் பழக என்ன பொருள் இருக்கிறது, அது பீரோவில் பூட்டிக் கிடக்கிறதா என்று எழுதிக்கொண்டு வாருங்கள். கலெக்டருக்கு மனு அதை வைத்து எழுதுவோம்.