அந்தப் பக்கத்தை யார் நடத்துவது?



இன்று டிசம்பர் 1, உலக எய்ட்ஸ் நாள். சட்டையில் சிவப்பு ரிப்பன் குத்திவிட்டார்கள். உறுதிமொழி வாசித்தாகிவிட்டது. மதியம் கோலப்போட்டி இருக்கிறது. இதோடு கடமை முடிந்தது என்று நினைப்பவர்களோடு சண்டை போடத்தான் நான் மேடை ஏறியிருக்கிறேன்.

எச்.ஐ.வி.யைப் பற்றி நமக்கு யார் பாடம் நடத்தினார்கள்? புத்தகத்தில் இருந்தது, தேர்வுக்கும் வந்தது. ஆனால் நான் படித்த பள்ளியில் அந்தப் பக்கம் வந்ததும், "இதை வீட்டுல படிச்சுக்கோங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார்கள். சிரிக்கிறீர்கள். அப்படியானால் உங்கள் பள்ளியிலும் இதே கதைதான்! எய்ட்ஸ் என்பதற்கு விரிவாக்கம் எழுதினால் ஒரு மார்க். எலிசா, வெஸ்டர்ன் பிளாட் என்று இரண்டு சோதனைகளின் பெயரை எழுதினால் இன்னொரு மார்க். இந்த இரண்டு மார்க்கோடு நம் அறிவை மூட்டை கட்டி அனுப்பிவிட்டார்கள்.

அந்த எலிசா சோதனையைத் தேடி நம் ஊரில் முதலில் போனவர் யார் தெரியுமா? ஒரு மாணவி. சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் முதுநிலை படித்துக்கொண்டிருந்த செல்லப்பன் நிர்மலா. எய்ட்ஸ் அமெரிக்காக்காரனுக்கு வரும் நோய், ஒழுக்கமுள்ள நம் நாட்டுக்கு வராது என்று பெரிய மனிதர்கள் மார்தட்டிக்கொண்டிருந்த காலம். தேடித்தான் பாரேன் என்று ஆய்வுத் தலைப்பைக் கொடுத்தவர் அவருடைய பேராசிரியர் சுனிதி சாலமன். நிர்மலாவுக்கு முதலில் தயக்கம். போய்ச் செய் என்று தைரியம் சொன்னவர் கணவர். ஸ்கூட்டரில் கூட்டிக்கொண்டு போனவரும் அவரே. மருத்துவமனையிலும் அரசுக் காப்பகத்திலும் இருந்த பாலியல் தொழிலாளர்களிடம் ரத்தம் எடுத்தார். கையுறை கிடையாது. பிரித்தெடுத்த மாதிரிகளை வைக்க ஆய்வகத்தில் இடம் இல்லை. வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தார். 80-க்கும் மேற்பட்ட மாதிரிகள் சேர்ந்தன. 1986 பிப்ரவரியில் அவற்றைப் பனிக்கட்டிப் பெட்டியில் அடுக்கி, கணவரோடு இரவு ரயில் ஏறி, காட்பாடியில் இறங்கி, ஆட்டோ பிடித்து வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தார். சோதனை முடிந்து பார்த்தால் ஆறு குழிகளில் மஞ்சள் நிறம்: ஆறு மாதிரிகளில் தொற்றின் அறிகுறி. அமெரிக்காவுக்கு அனுப்பி உறுதி செய்தார்கள். அந்த மே மாதம் நம் சட்டமன்றத்திலேயே சுகாதார அமைச்சர் ஹண்டே அறிவித்தார். இந்தியாவில் எச்.ஐ.வி. கண்டுபிடிக்கப்பட்ட வரலாறு இதுதான்.

ஒரு மாணவி கண்டுபிடித்ததை மாணவர்கள் தெரிந்துகொள்ளக் கூடாது என்று சொல்ல, அந்தப் பாடத்தைத் தாண்டிப்போகும் இவர்கள் யார்?

இந்த வரலாற்றில் நான் பெருமைப்பட முடியாத ஒரு பக்கமும் உண்டு. எதற்காக ரத்தம் எடுக்கிறோம் என்று அந்தப் பெண்களுக்குச் சொல்லவில்லை. வழக்கமான பால்வினை நோய்ச் சோதனை என்றுதான் அவர்கள் நினைத்துக்கொண்டார்கள். பின்னால் வந்த ஆண்டுகளில், தொற்று இருக்கிறது என்பதற்காகவே பெண்களைக் காப்பகத்தில் பூட்டி வைத்தார்கள். நீதிமன்றம் தலையிட்ட பிறகுதான் கதவு திறந்தது. அவர்களிடம் வந்துபோன ஆண்களைப் பூட்டியவர் உண்டா? யாராவது அந்த ஆண்களைத் தேடியதாவது உண்டா?

பிறகு வந்தார் புள்ளிராஜா. நம் அண்ணன்மார், அக்காமாரைக் கேட்டுப் பாருங்கள். 2000-களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டுச் சுவரெல்லாம் ஒரே கேள்வி: "புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?" டீக்கடை முதல் டவுன் பஸ் வரை அதே பேச்சு. வாய் திறக்காத ஊரை வாய் திறக்க வைத்த விளம்பரம் அது. அந்தப் பெருமையை நான் மறுக்கவில்லை. ஆனால் ஊரே புள்ளிராஜாவைப் பற்றிக் கவலைப்பட்டதே, திருமதி புள்ளிராஜாவைப் பற்றி ஒரு சுவராவது கேட்டதா? கட்டிய கணவனைத் தவிர வேறு ஒருவரையும் அறியாத எத்தனையோ பெண்களுக்கு அந்தத் தொற்று கட்டிலுக்கே வந்தது. பிரசவத்துக்குப் போன இடத்தில் சோதனை செய்துதான் அவர்களுக்கே தெரிந்தது. கணவன் செத்தபின் மாமியார் வீட்டில் "என் பிள்ளையை முழுங்கியவள்" என்ற பட்டமும் கிடைத்தது. தப்பு செய்தவர்களுக்கு வரும் நோய் என்று இன்றைக்கும் பேசும் வாய்களைக் கேட்கிறேன்: அந்தப் பெண் செய்த தப்பு என்ன?

இனி மண்டை ஓட்டுக்கு வருகிறேன். நம் நூலகச் சுவரில் ஒரு போஸ்டர் தொங்குகிறது. எய்ட்ஸ் என்று எழுதி, கீழே மண்டை ஓடும் எலும்பும். அதை வரைந்தவருக்குச் செய்தி போய்ச் சேரவில்லை போலிருக்கிறது. 2004 ஏப்ரல் முதல் அரசு மருத்துவமனையில் எச்.ஐ.வி.யைக் கட்டுப்படுத்தும் ஏ.ஆர்.டி. மருந்து இலவசம். தாம்பரம் சானடோரியத்தில் தொடக்கத்திலேயே கொடுத்தார்கள். இன்று பெரும்பாலானோருக்கு நாளுக்கு ஒரு மாத்திரை. விடாமல் சாப்பிட்டு, ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து அப்படியே இருந்தால், உடலுறவு மூலம் அது இன்னொருவருக்குப் பரவாது. சிகிச்சையே இல்லாவிட்டால் தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்றும் வாய்ப்பு 15 முதல் 45 சதவீதம். உரிய சிகிச்சை இருந்தால் அதை 5 சதவீதத்துக்கும் கீழே கொண்டுவரலாம். இது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. இவ்வளவு நல்ல செய்தியை மறைத்துவிட்டு மண்டை ஓட்டைக் காட்டினால் என்ன ஆகும்? பயந்தவன் பரிசோதனைக்கு வரமாட்டான். வராதவனுக்கு மருந்து இல்லை. மருந்து இல்லாதவனிடமிருந்துதான் நோய் பரவுகிறது. நோயை வளர்ப்பது அந்தப் போஸ்டர்தான்! (கைதட்டல்)

அந்தப் பயம் எங்கே கொண்டுபோய் விடும் என்று பாருங்கள். 2018 டிசம்பரில் சாத்தூர் அரசு மருத்துவமனையில் ஒரு கர்ப்பிணிக்கு ஏற்றிய ரத்தத்தில் எச்.ஐ.வி. இருந்தது. ரத்தம் கொடுத்தவர் நம் வயதுப் பையன். பின்னால் வேறொரு சோதனையில் தனக்குத் தொற்று இருப்பது தெரிந்ததும், ஓடி ஒளியாமல் அவரே போய்ச் சொன்னார். அதனால்தான் விஷயம் வெளியே வந்தது. ஊரும் செய்திகளும் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தபோது, சில நாட்களில் அவர் தற்கொலை செய்துகொண்டார். மருந்து இருக்கிறது, தம்பி, நீ அறுபது வயது வரை வாழலாம் என்பது அந்தப் பையனின் மனதில் பதியவே இல்லை. அதைப் பதிய வைத்திருக்க வேண்டிய இடம் வகுப்பறை. உயிரைக் காப்பாற்றியிருக்கக்கூடிய அந்தப் பக்கத்தைத்தான் வீட்டில் படித்துக்கொள் என்கிறார்கள்.

வயசுப் பிள்ளைகளிடம் இதையெல்லாம் பேசினால் கெட்டுப்போவார்கள் என்று பெரியவர்கள் பயப்படுகிறார்கள். ஐயா, எங்கள் கையில் கைப்பேசி இருக்கிறது. கெட்டுப்போக எங்களுக்கு ஆசிரியர் தேவையில்லை. சரியாகத் தெரிந்துகொள்ளத்தான் தேவை.

கடைசியாக ஒரு கோரிக்கை. 2017-இல் நாடாளுமன்றம் எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் சட்டத்தை நிறைவேற்றியது. 2018 செப்டம்பர் 10 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. சம்மதம் இல்லாமல் சோதனை செய்யக் கூடாது. ஒருவருக்குத் தொற்று இருப்பதை வெளியே சொல்லக் கூடாது. படிப்பிலும் வேலையிலும் வாடகை வீட்டிலும் ஒதுக்கக் கூடாது. தொற்றுள்ளவர்கள் மீது வெறுப்பைப் பரப்பினால் இரண்டு ஆண்டு வரை சிறை. அதே சட்டம் இன்னொன்றும் சொல்கிறது: நூறு பேர் அல்லது அதற்கு மேல் உள்ள நிறுவனம் ஒவ்வொன்றும் ஒரு புகார் அலுவலரை நியமிக்க வேண்டும். முதல்வர் அம்மா அவர்களே, நம் கல்லூரியில் ஆசிரியர்களும் அலுவலர்களும் மட்டுமே நூறு பேரைத் தாண்டுவார்கள். நம் புகார் அலுவலர் யார்? நான்கு துறைகளில் விசாரித்தேன், ஒருவருக்கும் தெரியவில்லை. அந்தப் பெயர் நாளைக்கே அறிவிப்புப் பலகையில் ஏற வேண்டும் என்று இந்த அவையின் சார்பில் கேட்டுக்கொள்கிறேன்.

தோழர்களே, அரசு மருத்துவமனையில் நம்பிக்கை மையம் இருக்கிறது. பரிசோதனை இலவசம், முடிவு ரகசியம். கேட்கக் கூச்சமாக இருந்தால் 1097 என்ற உதவி எண்ணுக்குக் கூப்பிடுங்கள், கட்டணம் இல்லை. கைப்பேசியை இப்போதே எடுத்து அந்த எண்ணைப் பதிந்துகொள்ளுங்கள்.