குண்டு வீசும் முன்

கோட்டக்குப்பத்தைத் தாண்டினால் புதுச்சேரி. அங்கே மாலையில் பெரியவர்கள் இரும்புக் குண்டு வீசி விளையாடுவது பெத்தாங்க், பிரெஞ்சுக்காரர்கள் விட்டுச்சென்ற விளையாட்டு. இது பிறந்ததே ஒரு மூட்டுவாதக்காரருக்காகத்தான் என்பார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தென் பிரான்சின் லா சியோத்தா ஊரில், ஜூல் லெனுவார் என்பவரால் ஓடிவந்து குண்டு வீச முடியவில்லை. வட்டத்துக்குள் நின்றபடியே வீசலாம் என்று நண்பர்கள் விதியை மாற்றினார்கள். எவ்வளவு அழகான மனசு!

நின்று ஆடினாலும் உடம்புக்கு வேலை உண்டு. குண்டின் எடை 650 முதல் 800 கிராம். வீச்சு முழுவதும் தோளிலும் மணிக்கட்டிலும். எடுக்கக் குனியும்போது பாரம் இடுப்புக்கும் முழங்காலுக்கும். அதனால் முதலில் ஐந்து நிமிடம் நடங்கள். தோள்களை மெல்லச் சுழற்றுங்கள். நாற்காலியில் கை ஊன்றாமல் பத்து முறை உட்கார்ந்து எழுங்கள். சுவரைப் பிடித்து ஒற்றைக்காலில் நில்லுங்கள். விழாமல் காப்பது இந்தச் சமநிலைதான். 65 வயதைக் கடந்தவர்கள் வாரம் மூன்று நாளாவது சமநிலை, வலிமைப் பயிற்சி செய்ய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். குண்டெடுக்கக் குனிய முடியாதவர்களுக்குக் கயிற்றில் கட்டிய காந்தம் இருக்கிறது. கூச்சப்படாமல் வாங்கிக்கொள்ளுங்கள்.