செல்லும் வாக்கு

(விழாவையொட்டி நடைபெற்ற மாணவர் அரங்கில் ஆற்றிய உரை)

 

அதிகாரத்திற்கும் செல்வாக்கிற்கும் வேறுபாடு யாது என்னும் வினாவை நேற்று இம்மாணவர்களிடம் விடுத்தேன். சிலப்பதிகாரத்தின் மதுரைக் காண்டத்தைப் படித்து விடை காண்க என்றும் கூறினேன். "பாண்டியனிடம் இருந்தது அதிகாரம், கவுந்தியடிகளிடம் இருந்தது செல்வாக்கு" என உடனே விடை வந்தது. பிழையான விடை அன்று. ஆயினும் மிக விரைந்து வந்த விடை.

கவுந்தியடிகளின் உடைமை யாது? தோளில் உறி, கையில் மயிற்பீலி, ஐயம் ஏற்கும் பாத்திரம், அவ்வளவே. மதுரைப் புறஞ்சேரியில், இயக்கிக்குப் பால்மடை கொடுத்து மீண்ட ஆயர்முதுமகள் மாதரியிடம் கண்ணகியை அடைக்கலமாகத் தந்தார். முன்பின் அறியாத அப்பெண்ணை மாதரி உவகையோடு தன் மனைக்கு அழைத்துச் சென்றாள். ஆணையோலை இல்லை, முத்திரை இல்லை. செல்வாக்கு என்பதைச் செல்லும் வாக்கு என்று பிரித்துப் பார்த்தால் இக்காட்சியே கண்முன் நிற்கிறது.

இவ்விடத்தில் ஒரு மாணவி எழுந்தாள். "ஐயா, கோவலனையும் கண்ணகியையும் இகழ்ந்த இருவரை நரிகளாகுமாறு அடிகள் சபித்தாரே, அதுவும் செல்வாக்கா?" என்றாள். நான் எதிர்பாராத கேள்வி. அது அதிகாரமே என ஒப்புக்கொண்டேன். இகழப்பட்ட அவ்விருவரும் இரங்கி வேண்டிய பின்னரே அச்சாபத்திற்குப் பன்னிரு திங்கள் என எல்லை பிறந்தது என்பதையும் நினைவூட்டினேன்.

அடுத்து எழுந்த மாணவன், "பொற்கொல்லனிடம் இருந்தது எது?" என்றான்.

அரங்கு அமைதியாயிற்று. பொற்கொல்லனுக்கு அரண்மனையில் மதிப்பு உண்டு; கொல்லும் உரிமை இல்லை. ஊடிய தேவியைத் தணிக்கச் செல்லும் மன்னனின் வழியில் நின்று அவன் ஒரு சொல் சொன்னான். மன்னன் ஆராயவில்லை. சென்ற காவலர்களோ கோவலனைக் கண்டதும், இவன் கள்வன் அல்லன் என்று தயங்கினர். பொற்கொல்லன் அவர்களை நோக்கி நகைத்துக் கள்வரின் சூழ்ச்சிகளை ஒவ்வொன்றாக விரித்துரைத்தான். இறுதியில் அறிவற்ற ஒருவனது வாள் வீழ்ந்தது. வாள் அவனுடையது, ஆணை மன்னனுடையது, சொல்லோ இருவருக்கும் அப்பாற்பட்டவனுடையது. இதுவும் செல்லும் வாக்குத்தான் மாணவர்களே.

இதை நான் வாழ்வில் அறிவேன். ஒரு பள்ளியில் தலைமையாசிரியனாக இருந்தபோது ஆய்வகக் கருவி ஒன்று காணாமற்போயிற்று. என் நம்பிக்கைக்குரிய ஒருவர் ஒரு மாணவனின் பெயரைச் சொன்னார். அவனை ஒரு சொல்லும் வினவாமல் மூன்று நாள் வகுப்பிற்கு வெளியே நிறுத்தினேன். நான்காம் நாள் அக்கருவி அலமாரியின் பின்புறம் கிடைத்தது. அம்மாணவனிடம் மன்னிப்புக் கேட்டேன். எங்கே கேட்டேன் தெரியுமா? என் அறைக்குள், கதவைச் சாத்திக்கொண்டு. தண்டித்தது பள்ளியறிய. இன்றும் அக்கதவை எண்ணும்போதெல்லாம் கூசுகிறேன்.

பாண்டியன் அவ்வாறு கதவைச் சாத்தவில்லை. கண்ணகியின் சிலம்பு உடைந்து மாணிக்கம் தெறித்ததும், தன் அவையிலேயே, தன் வாயாலேயே தன்னைக் கள்வன் என்றான். அரியணையிலேயே உயிர் நீத்தான். அதிகாரம் உடையவன் அதற்கு விலை கொடுத்த இடம் அது.

மற்றொரு விலையை நாம் பெரும்பாலும் பேசுவதில்லை. நீர்ப்படைக் காதையில் மாடலன் செங்குட்டுவனிடம் கூறுகிறான்: அடைக்கலத்தைக் காக்க இயலாத மாதரி தீயில் புகுந்தாள், செய்தி கேட்ட கவுந்தியடிகள் உண்ணாநோன்பு மேற்கொண்டு உயிர் துறந்தார். அடிகள் எந்த ஆணையும் இட்டவர் அல்லர். மதுரைக்குச் செல்லும் இருவருக்கு வழித்துணையாக நடந்தார். ஒருத்தியை ஒரு நல்ல மனையில் சேர்த்தார்.

"அப்படியானால் அடிகள் செய்த பிழை என்ன?" என்று அதே மாணவி மீண்டும் கேட்டாள். நான் விடை கூறவில்லை. இன்று மாலை அவர்களே இம்மேடையில் அதைப் பேசவிருக்கிறார்கள். பெற்றோர் அனைவரும் இருந்து கேட்க வேண்டுகிறேன்.