செம்பைச் செய்தவர் யார்?



கிணற்றடியிலும் பூசையறையிலும் பந்திக் கூடத்திலும் காணக்கிடைக்கும் எளிய பொருள் செம்பு. செய்யப்பட்ட உலோகத்தின் பெயரே அதற்குப் பெயராயிற்று. பின்னர்ப் பித்தளையிலும் வெள்ளியிலும் எவர்சில்வரிலும் செய்தபோதும் அப்பெயர் மாறவில்லை. நாள்தோறும் கையில் எடுக்கும் பொருளாதலால் அதனை உற்றுநோக்குவோர் அரியர். அதனை உற்றுநோக்கி, ஒரு நாட்டின் வடிவமைப்புக் கல்விக்கே முதற்பாடமாக வைத்தவர்கள் கடல்கடந்து வந்த இருவர்.

சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் என்னும் அமெரிக்கத் தம்பதியர் நாற்காலி வடிவமைப்பிற் பெரும்புகழ் பெற்றவர்கள். இந்திய அரசின் அழைப்பின்பேரில் வந்து நாடெங்கும் சுற்றிப் பார்த்து, 1958 ஆம் ஆண்டில் ஓர் அறிக்கை அளித்தனர். அவ்வறிக்கையில் அவர்கள் மிகவும் வியந்து பேசும் பொருள் தாஜ்மகாலன்று, லோட்டா. (தமிழ்நாட்டிற் சிற்சில இடங்களில் லோட்டா என்பது குவளையைக் குறிக்கும், அவர்கள் கண்டது செம்பையே.) இன்று ஒருவர் ஒரு செம்பைப் புதிதாக வடிக்க முற்பட்டால் எவற்றையெல்லாம் எண்ண வேண்டும் என்று அவர்கள் வினவிச் செல்கின்றனர். எவ்வளவு நீர் மொள்ள வேண்டும்? சுமப்பது யாருடைய கை, அக்கையின் வலிமை எவ்வளவு? தலையிலா, இடுப்பிலா? வெறுமையாய் இருக்கையில் அதன் நிறை எங்கே நிற்கும், நிறைந்தபின் எங்கே நகரும்? கழுவக் கை உள்ளே நுழையுமா? கண்ணை மூடிக்கொண்டு தொட்டால் எப்படியிருக்கும்? கல்லின்மேல் வைத்தால் என்ன ஓசை எழும்? உடைந்தபின் அதன் உலோகம் என்ன விலை போகும்?

ஓசையைக் கேட்டது கவிஞர்கள் கருத வேண்டிய இடம். பயன் என்பதற்குள் இன்பத்தையும் அவர்கள் அடக்கிவிட்டனர். இவ்வினாக்கள் எதுவும் செம்பைப் பற்றியதன்று என்பதும் கருதத்தக்கது. எல்லாம் அதனைத் தூக்கும் மனிதரைப் பற்றியவை. மாந்தரை நடுவில் வைத்துப் பொருளை வடித்தல் என்று இன்று கல்விக்கூடங்களிற் பெரிதாகப் பேசப்படும் கொள்கை முழுவதும் இச்சில வினாக்களில் அடங்கிக் கிடக்கிறது.

ஒரு தனிமனிதர் செம்பை வடித்திருக்க முடியாது, பல தலைமுறை மாந்தர் சேர்ந்தே அதனை வடித்தனர் என்பது அவர்கள் கண்ட முடிவு. முடிவு சரியானதே. ஆயினும் இங்கே ஒரு வழுக்கல் உண்டு. 'பலர் செய்தனர்' என்பதற்கும் 'யாரும் செய்யவில்லை' என்பதற்கும் இடையே உள்ள தொலைவு மிகக் குறைவு. பெயரறியாக் கைவினைஞர் என்று போற்றிப் போற்றியே, பெயரறிய வாய்ப்பிருந்த கைவினைஞரையும் பெயரற்றவராக்கிவிடுவது எளிது. கூட்டாகச் செய்த வேலையின் பெருமையை யார் பெறுவது என்பது பத்தாண்டுகளாகக் கூடிப் பாடிவரும் இம்மன்றத்திற்கும் உரிய வினாவாகும்.

அவ்வறிக்கையின் பயனாக 1961 ஆம் ஆண்டில் அகமதாபாத்தில், சபர்மதி ஆற்றங்கரையில், தேசிய வடிவமைப்பு நிறுவனம் தோன்றியது. கௌதம் சாராபாய், கீரா சாராபாய் என்னும் உடன்பிறந்தோர் இருவர் அதனை வளர்த்தனர். கேட்டு எழுதுவதன்று, செய்து கற்பதே அங்கே கல்வியெனக் கொள்ளப்பட்டது. மரமும் மண்ணும் உலோகமும் நூலும் மாணவர் கைக்கு வந்தன. அங்குள்ள பாடங்களுள் ஒன்று சிறப்பாகச் சுட்டத்தக்கது. மாணவர்கள் கைவினைஞர் வாழும் ஊர்களுக்குச் சென்று தங்கி, அவர்தம் கருவிகளையும் செய்முறைகளையும் வாழ்க்கையையும் பதிவுசெய்ய வேண்டும். கற்பிக்கப் போகவில்லை, கற்கப் போகின்றனர். பட்டம் பெறப்போகும் ஒருவர் கூடை முடைபவரின் முன் தரையில் அமர்ந்து குறிப்பெடுப்பது சிறு செய்தியன்று.

இம்முறையின் பெருவிளைவாக 1986 இல் ஒரு நூல் வெளிவந்தது. வடகிழக்கு இந்தியாவின் மூங்கில், பிரம்பு வேலைப்பாடுகளைப் பற்றிய அந்நூலை எம்.பி. ரஞ்சன், நீலம் ஐயர், கன்ஷ்யாம் பாண்டியா ஆகிய மூவர் உருவாக்கினர். ரஞ்சன் சென்னையில் வளர்ந்தவர். அவர் தந்தையார் அங்கே மரப்பொம்மை செய்யும் தொழில் நடத்தியவர். பட்டறையின் மணத்தோடு வகுப்பறைக்கு வந்த ஆசிரியர் எனலாம். 2015 இல் மறையும் வரை இந்திய வடிவமைப்புக் கல்வியில் அவர் குரல் ஓங்கி ஒலித்தது. மாணவர்களைக் குழுக்களாகப் பிரித்து, ஒரு சிக்கலின் கிளைகளையெல்லாம் ஒரே பெருந்தாளில் எல்லாருமாக வரையச் செய்வது அவர் கையாண்ட முறைகளுள் ஒன்று. ஒரே தாளில் பலர் வரைந்தபின் எக்கோடு யாருடையது என்று பிரிக்க இயலாது. அது நன்றே. ஆயினும் அத்தாளைச் சுற்றி இருந்தவர்கள் யார் யார் என்று எழுதிவைக்க இயலும்.

இக்கல்விக்கூடத்துக்கு வெளியே, யாதொரு வடிவமைப்புப் பட்டமும் பெறாத இடத்தில் நிகழ்ந்த ஒன்றே இவ்வுரையின் நடுப்பொருள்.

செய்ப்பூர் நகரத்து சவாய் மான்சிங் மருத்துவமனையில் எலும்பு மருத்துவராகப் பணியாற்றியவர் பிரமோத் கரண் சேத்தி. காலிழந்தோர்க்கு அக்காலத்திற் பொருத்தப்பட்ட செயற்கைப் பாதம் மேனாட்டு முறையிலமைந்தது. கணுக்கால் வளையாது, காலணிக்குள் மறைத்தே அணிய வேண்டும். நாற்காலியில் அமர்ந்து, பாவிய தெருவில் நடப்பவர்க்கு அது போதும். இராசத்தான் உழவர்க்கோ அது பகையாயிற்று. அவர்கள் சம்மணமிட்டு உண்பவர்கள், குந்தி அமர்பவர்கள், வெறுங்காலோடு சேற்றில் இறங்குபவர்கள், கோயிலுக்கும் அடுக்களைக்கும் காலணியோடு போகாதவர்கள். காலைப் பெற்றுக்கொண்டு ஊர் திரும்பியவர்களுட் பலர் அதனைக் கழற்றி வைத்துவிட்டனர். நோயாளிகளுக்குப் பயன்படுத்தத் தெரியவில்லை என்று மருத்துவர் ஒருவர் எழுதிவைத்துப் போயிருக்கலாம். குறை அவர்களிடமில்லை, காலில்தான் என்று கண்டதே சேத்தியின் முதற்பெருமை.

இரண்டாவது பெருமை, அவர் யாரிடம் சென்றார் என்பது. இராம் சந்திர சர்மா பரம்பரைக் கைவினைஞர்; பள்ளிப்படிப்பு மிகக் குறைவு. அனைவரும் அவரை மாஸ்டர்ஜி என்றே அழைத்தனர். வடநாட்டார் வாத்தியாரை அழைக்கும் சொல் அது. மருத்துவருக்கு எலும்பும் தசையும் தாங்கும் எடையும் தெரியும். மாஸ்டர்ஜிக்கு மரம் எங்கே பிளக்கும், ரப்பர் எவ்வளவு வளையும் என்பது தெரியும். மிதிவண்டிச் சக்கரத்திற் காற்றிறங்கி ஒரு கடையில் நின்றபோது, அங்கே லாரி டயருக்கு ரப்பர் போடுவதைக் கண்டு அவர் மனத்திற் பொறி தட்டியதாக ஒரு கதை வழங்குகிறது. கதை எவ்வாறாயினும், டயர்க் கடையின் தொழில்நுட்பம் அங்கிருந்து மருத்துவமனைக்குள் வந்தது உண்மை.

பலமுறை முயன்று, பலமுறை உடைந்து, 1968 அளவில் அப்பாதம் உருப்பெற்றது. உள்ளே குதிகாலுக்கும் முன்பாதத்துக்கும் பஞ்சு போன்ற ரப்பர்த் துண்டுகள், கணுக்காலுக்கு மரக்கட்டை, இவற்றைச் சுற்றித் தோலின் நிறங்கொண்ட ரப்பர் உறை, அச்சில் இட்டு வெப்பத்திற் பதப்படுத்தி ஒன்றாக்குவர். அப்பாதத்துக்கு விரல்கள் உண்டு. விரல்கள் எதற்கு என்று பொறியியல் கேட்கலாம். வெறுங்காலோடு உறவினர் முன் நடப்பவருக்கு அக்கேள்வி எழாது. அது பல பக்கமும் வளைந்து கொடுக்கும், மேடுபள்ளத்தில் பதியும், நீரிற் கெடாது, அதனைக்கொண்டு குந்தலாம், சம்மணமிடலாம், மரமும் ஏறலாம். 1975 இல் தொடங்கப்பட்ட பகவான் மகாவீர் விக்லாங் சகாயதா சமிதி என்னும் அமைப்பு அதனை ஏழையர்க்கு விலையின்றிப் பொருத்தத் தொடங்கியபின், நாட்டின் எல்லை கடந்தும் அப்பாதம் நடந்தது.

தமிழ் மண்ணோடும் அதற்கு ஒரு தொடர்புண்டு. 1981 இல் திருச்சிராப்பள்ளிக்கு அருகே நேர்ந்த பேருந்து விபத்தில் அடிபட்டு வலக்காலை இழந்தவர் பரதநாட்டியக் கலைஞர் சுதா சந்திரன். செய்ப்பூர்ப் பாதத்தைப் பொருத்திக்கொண்டு, வலியோடு பயின்று, 1984 இல் அவர் மீண்டும் மேடையேறினார். தட்டடவும் நாட்டடவும் வெறும் பாதம் தரையைத் தொட்டாலன்றி ஆகா. உழவருக்காகச் செய்த கால் ஆடலுக்கும் உதவிற்று. ஒருவருடைய தேவையை முழுமையாகக் கேட்டுச் செய்தது மற்றொருவர்க்கும் பொருந்தும் என்பதற்கு இதனினும் நல்ல சான்று தேட வேண்டியதில்லை.

1981 இல் சேத்திக்கு மகசேசே விருது வழங்கப்பட்டது. சமுதாயத் தலைமைக்கான விருது அது. அவர் அதற்கு முற்றிலும் தகுதியுடையவர். நோயாளி சொல்வதைக் கேட்டார். எழுத்தறிவு குறைந்த ஒருவரைத் தமக்கு நிகராக நிறுத்தினார். தலைமை என்று சொல்லத்தக்கது அதுவே. ஆனால் விருதுப் பட்டியலில் ஒரு பெயரே உள்ளது. மாஸ்டர்ஜியின் பெயர் அதில் இல்லை. காலைக் கழற்றி வைத்ததன் மூலம் இருவர்க்கும் பாடம் கற்பித்த உழவர்களின் பெயரோ எங்கும் இல்லை. இதில் எவரையும் குற்றஞ்சாட்டுவதற்கில்லை. விருதுகள் ஒரு கழுத்துக்கு ஒரு மாலை என்ற கணக்கில் தொடுக்கப்படுபவை.

தமிழில் இதற்கு வேறொரு வழக்கம் இருந்தது. சங்கப் பாடல்களைத் தொகுத்தவர்களுக்குச் சில பாடல்களைச் செய்தவர் பெயர் கிடைக்கவில்லை. பெயரில்லை என்று அவர்கள் விட்டுவிடவில்லை. அப்பாடலில் ஒளிர்ந்த தொடரையே எடுத்துப் புலவர்க்குப் பெயராக்கினர். செம்புலப்பெயனீரார் என்றும் தேய்புரிப் பழங்கயிற்றினார் என்றும் இன்றும் அழைக்கின்றோமே, அவை பெற்றோர் இட்ட பெயர்கள் அல்ல. செய்தவர் எப்படியும் குறிக்கப்பட வேண்டும் என்ற கவலையால் விளைந்தவை. கவிதையைக் காத்தது ஒரு தொண்டு. கவிஞரை இவ்வாறு காத்தது அதனினும் நுண்ணிய தொண்டு.

மன்றத்தின் திங்கட் கூட்டங்களில் நடப்பதைச் சற்றே எண்ணிப் பார்க்கலாம். ஒருவர் கவிதை படிக்கிறார். மூன்றாமடியில் ஒரு சொல் உறுத்துகிறது என்கிறார் மற்றொருவர். கடைசி வரிசையிலிருந்து ஒருவர் மாற்றுச்சொல் தருகிறார். அச்சொல்லே பின்னர்க் கவிதையின் உயிராகிறது. நூல் வெளிவரும்போது அட்டையில் ஒரு பெயர். அது முறையே, கவிதை அவருடையது. எனினும் சொல் தந்தவர் அந்நூலை விலைகொடுத்து வாங்கிப் படிக்கையில் அப்பக்கத்தில் ஒரு கணம் நின்றுவிட்டுத்தான் மேலே செல்வார். அதை அவர் வெளியிற் சொல்வதில்லை. சொல்லாத காரணத்தாலேயே மன்றங்களிற் சிலர் வரவு மெல்லக் குறைந்துபோகிறது; காரணம் தெரியாமல் செயலாளர்கள் திகைக்கின்றனர்.

ஆகவே இப்பத்தாம் ஆண்டு மலரைத் தொகுப்போர்க்கு ஒரு வேண்டுகோள். மலரின் இறுதியில் ஒரு பக்கத்தை ஒதுக்குங்கள். எழுத்துக்கோத்தவர், மெய்ப்புத் திருத்தியவர், அட்டைப்படம் வரைந்தவர், பத்தாண்டுகளாகக் கூடத்தைத் திறந்துவைத்து நாற்காலி போட்டவர், தேநீர் கொணர்ந்தவர் ஆகியோர் பெயர்களை முழுமையாக, ஊர்ப் பெயரோடு, அச்சிடுங்கள். கவிதை தந்த ஒவ்வொருவரும் தமக்குச் சொல் தந்தவர் ஒருவர் பெயரையேனும் எழுதிக் கொடுங்கள். பக்கம் போதாமற் போனால் வாழ்த்துரைகளுள் ஒன்றைக் குறைத்துக்கொள்ளலாம்.