உறை எங்கிருந்து வந்தது?

(நூற்றாண்டு ஒன்றுகூடலின்போது கல்லூரிக் கணனி அறையில் மாணவிகள் முன் நாங்கள் ஆற்றிய உரை)



போன முறை இதே அறையில், நாங்கள் எழுதும் செய்நிரலைக் கணனிக்கு விளங்கும் பொறிமொழிக்கு மாற்றுவதுதான் தொகுப்பான் என்று விளக்கினோம். முடிக்கும்போது தரம் 10 தங்கை ஒருத்தி எழும்பிக் கேட்டாள்: "அக்கா, தொகுப்பானும் ஒரு செய்நிரல்தானே? அப்ப அதை மாற்றினது ஆர்?"

எங்களில் மூன்று பேர் கணனித்துறையில் சம்பளம் வாங்குகிறவர்கள். மூவரும் சிரித்துச் சமாளித்தோம். கேள்வி கேட்டால் சிரித்துவிட்டுப் போகிறவர்களைப் பற்றி நாங்கள் அந்தக் காலத்தில் விடுதியில் என்னவெல்லாம் பேசினோம் என்பது வீட்டுக்குப் போகிற வழியில்தான் நினைவுக்கு வந்தது.

ஆகவே, செய்து பார்த்துவிட்டு வந்து சொல்வதென்று தீர்மானித்தோம். எடுத்தது ஒரு ராஸ்பெரி பை 3. 2016 இல் வந்தது, வங்கி அட்டை அளவு, நினைவகம் 1 ஜிகாபைட் மட்டும். கட்ட நினைத்தது ஜி.சி.சி. என்ற தொகுப்பான். ரிச்சர்ட் ஸ்டால்மன் 1987 இல் முதலில் வெளியிட்டது. அதன் மூல நிரலை எவரும் இறக்கி வாசிக்கலாம். சி, சி++ ஆகிய இரண்டு மொழிகள் போதும் என்று அமைத்துக்கொண்டு தொடங்கினோம்.

இந்தப் பலகையில் நான்கு கருக்கள் உண்டு. நான்குக்கும் ஒரே நேரத்தில் வேலை கொடுத்தோம். நாலு அடுப்பையும் மூட்டிவிட்டு ஒரு பானை அரிசியோடு நின்ற கதைதான். நினைவகம் போதாமல், பணிசெயல் முறைமை ஓடிக்கொண்டிருந்த வேலையைக் கொன்றுவிட்டது. திரையில் 'கில்ட்' என்ற ஒரு சொல், அவ்வளவுதான். அடுத்த முறை ஒவ்வொரு வேலையாகக் கொடுத்தோம். இடமாற்று நினைவகம் 100 மெகாபைட்டாக இருந்ததை 2 ஜிகாபைட்டாக்கி, அதையும் எஸ்.டி. அட்டையில் வைக்காமல் வெளி வன்தட்டில் வைத்தோம். ஓயாமல் எழுதினால் அட்டை சீக்கிரம் தேய்ந்துவிடும்.

பிறகு திரையின் மூலையில் மஞ்சள் மின்னல் குறி ஒன்று வந்து வந்து போனது. அதை அழகுக்கென்று நினைத்தவர் எங்களில் ஒருவர், பெயர் சொல்லமாட்டோம். மின்னழுத்தம் போதவில்லை என்பதற்கான எச்சரிக்கை அது. பழைய கைத்தொலைபேசி மின்னேற்றியைக் கழற்றிவிட்டு, நல்லதொன்றைப் போட்டோம். 80 பாகை செல்சியசைத் தொட்டால் பலகை தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் என்பதால், மேசை விசிறி ஒன்றையும் அதற்கு முன்னால் வைத்தோம். இடையில் கரண்ட் போனது. நல்ல காலம், விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

இனித்தான் தங்கையின் கேள்விக்கு வருகிறோம். ஜி.சி.சி. தன்னை மூன்று தரம் கட்டிக்கொள்கிறது. பலகையில் ஏற்கனவே இருந்த பழைய தொகுப்பான், புதிய மூல நிரலை மாற்றுவது முதலாவது. அந்த முதலாவது, அதே மூல நிரலை மாற்றுவது இரண்டாவது. இரண்டாவது திரும்பவும் அதையே மாற்றுவது மூன்றாவது. கடைசியில் இரண்டாவதையும் மூன்றாவதையும் ஒப்பிடுகிறது. முதலாவதை ஏன் விட்டது? அதைக் கட்டியது பழைய தொகுப்பான். அதன் கைப்பக்குவம் அதில் இருக்கும். மற்ற இரண்டும் ஒத்துவராவிட்டால் தொகுப்பானிலோ கணனியிலோ கோளாறு. ஓர் இரவும் மறுநாள் பகலும் கழிந்து, ஒப்பீடு வெற்றி என்ற வரி வந்தது. நாங்கள் சத்தம் போட்டதில் பக்கத்து வீட்டு அம்மா வந்து பார்த்தா.

அன்றிரவே சங்கத்தின் வட்ஸ்அப் குழுவில் 'ஒன்றுமில்லாததிலிருந்து, முழுக்க எங்கள் கையால்' என்று எழுதினோம். ரொறன்ரோவிலிருந்தும் மெல்பேணிலிருந்தும் வாழ்த்து வந்து குவிந்தது. அந்த வசனம் பிழை. இங்கே உங்கள் முன் அதைத் திருத்துகிறோம்.

தயிர் போட முதல்நாள் தயிரில் ஒரு கரண்டி வேண்டும். எங்களுக்கும் ஒரு பழைய தொகுப்பான் உறையாக வேண்டியிருந்தது. அதை யாரோ கட்டித் தந்தார்கள். அவர்களுக்கும் வேறு யாரோ உறை கொடுத்தார்கள். யுனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் தொம்சன், 1984 இல் வெளியான தன் டியூரிங் விருது உரையில் இந்த இடத்தைத்தான் தொட்டார். தொகுப்பானுக்குள் ஒரு கள்ளத்தனத்தை ஒளித்துவைத்தால், மூல நிரலில் அதன் தடயமே இல்லாமல், ஒவ்வொரு முறை கட்டும்போதும் அது தன்னையே திரும்பப் புகுத்திக்கொள்ளும் என்று காட்டினார். உறை கெட்டிருந்தால் பால் எவ்வளவு நல்லதென்றாலும் என்ன? எங்கள் இரண்டாவதும் மூன்றாவதும் ஒத்துப்போனது உண்மை. உறை சுத்தமானது என்று அது சொல்லவில்லை.

பின்னோக்கிப் போனால் கடைசியில் மனிதக் கைதான். 1952 இல் யுனிவாக் கணனிக்கு ஏ-0 என்ற தொகுப்பானை எழுதியவர் கிரேஸ் ஹொப்பர். இன்றைய கணக்கில் அது பெரும்பாலும் இணைப்பான் வேலைதான், ஆனாலும் தொகுப்பான் என்ற பெயரை வைத்தவர் அவர். அப்போது பெண்கள் கல்லூரியாக இருந்த வாசரின் பழைய மாணவி. பிறகு அங்கேயே கணிதம் கற்பித்தவர். ரீச்சர்மார் கவனிக்க.

கேட்ட தங்கை முன்வரிசையில் இருக்கிறாள். பலகையை இந்த அறைக்கே விட்டுப் போகிறோம். கட்டும்போது விழுந்த பதிவுகளெல்லாம், 'கில்ட்' உட்பட, அழிக்காமல் அதில் இருக்கின்றன. ஒரேயொரு வேண்டுகோள்: அதன் மின்னேற்றியை யாரும் கைத்தொலைபேசிக்கு எடுக்காதீர்கள்.