உயில் வழக்கில் ஜெயித்தோம், செலவு வரவில்லை
(நன்கொடையாளர் கூடுகையில் ஆற்றிய உரை)



ஒரு கசப்பான அனுபவத்தை மறைக்காமல் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

பல ஆண்டுகள் நம் ஆஸ்பத்திரியைத் தாங்கிவந்த ஒரு தாயார், ஏழை நோயாளிகளுக்கென்று தமது வீட்டை உயில் எழுதிவைத்து மறைந்தார். வியாதிப் படுக்கையில் எழுதிய உயில்; இரண்டு இடங்களில் அடித்துத் திருத்தியிருந்தது. கோர்ட்டில் அதை நிரூபித்துப் புரொபேட் வாங்கப் போனோம். அவருடைய அண்ணன் மகன் ஆட்சேபித்தார். ஆட்சேபணை வந்துவிட்டால் புரொபேட் மனு சிவில் வழக்காகவே நடக்கும். சாட்சி, குறுக்கு விசாரணை, வாய்தா என்று வருஷங்கள் ஓடின. முடிவில், திருத்தத்துக்கு முந்தின வாசகப்படி உயில் செல்லும் என்று தீர்ப்பாயிற்று.

செலவுத்தொகை திரும்ப வரும் என்று நம்பியிருந்தோம். சிவில் நடைமுறைச் சட்டம் 35-ஆம் பிரிவின்படி தோற்றவர் செலவு கொடுப்பதே பொது வழக்கம். வேறுவிதமாக உத்தரவிட்டால் நீதிபதி காரணம் எழுதவேண்டும். அவர் எழுதினார்: திருத்தலைப் பார்த்து உறவினர் சந்தேகப்பட்டது நியாயமே, அவரவர் செலவு அவரவருக்கு.

செலவு கிடைத்தாலும் வக்கீலுக்குக் கொடுத்ததெல்லாம் வராது. விதிகளில் கண்ட கட்டணமே கணக்கில் சேரும். பொய் வழக்குக்கு 35-ஏ பிரிவு தரும் நஷ்டஈடும் 3,000 ரூபாய்க்கு மேல் இல்லை.

அந்த உறவினர் ஆரம்பத்திலேயே சமாதானம் பேச வந்தார். நாங்கள் செவிகொடுக்கவில்லை. அது எங்கள் தவறு. நோயாளிகளுக்குச் சேரவேண்டிய பணத்தில் ஒரு பங்கு வழக்கில் கரைந்தது.

ஆகவே உங்களை வேண்டிக்கொள்கிறோம். 1925-ஆம் வருட இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி உயிலுக்கு இரண்டு சாட்சிகள் வேண்டும். சொத்துப் பெறுகிறவரோ அவர் கணவனோ மனைவியோ சாட்சி போட்டால், அவருக்கு எழுதியது செல்லாது. திருத்தம் இருந்தால் அதனருகே நீங்களும் சாட்சிகளும் கையெழுத்திடுங்கள். பதிவு கட்டாயமில்லை, செய்வது நல்லது.

நெருங்கிய உறவினர் உள்ள கிறிஸ்தவர் தர்மத்துக்கு எழுதினால், மரணத்துக்கு 12 மாதங்களுக்கு முன்பே உயிலை எழுதியிருக்கவேண்டும் என்ற 118-ஆம் பிரிவை, 2003-இல் ஜான் வள்ளமட்டம் வழக்கில் சுப்ரீம் கோர்ட் ரத்து செய்தது. அந்தத் தடை நீங்கியது. ஆனாலும் சுகமாயிருக்கும்போதே எழுதுங்கள். எழுதியதை உங்கள் பிள்ளைகளிடமும் உறவினரிடமும் உங்கள் வாயாலேயே சொல்லிவிடுங்கள். அந்த ஒரு வார்த்தை பல வருஷ வழக்கைத் தடுக்கும்.

கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக.