நூக்கோல் இலையை எறியாதீர்கள்

கேல் என்கிற பரட்டைக்கீரையின் அருமை பெருமைகளை நீங்கள் கேட்டுச் சலித்திருப்பீர்கள். என் ஆதங்கம் வேறு. கள்ளக்குறிச்சியில் மாடித்தோட்டம் வைத்திருக்கும் நண்பர் ஒருவர் பங்குனியில் அந்த விதையைப் போட்டுவிட்டு, "இலை கசக்குது, அசுவினி அப்பிக்கிச்சு" என்கிறார். கசக்காமல் என்ன செய்யும்? அது பனிக்காலக் கீரை. மறுபடியும் சொல்கிறேன், பனிக்காலக் கீரை.

குளிர் ஏற ஏற இந்தச் செடி இலையிலுள்ள மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கிக்கொள்ளும். இலைக்குள் நீர் உறையாமல் காப்பது அந்தச் சர்க்கரைதான். குளிர்நாட்டில் முதல் உறைபனிக்குப் பிறகு பறித்த இலைக்கு ருசி அதிகம் என்பார்கள். நமக்கு உறைபனி இல்லை. ஆனால் 2,000 அடிக்கு மேல் கல்வராயன் மலை இருக்கிறதே! மார்கழி விடியலில் வெள்ளிமலைப் பக்கம் தோட்டத்தில் நின்றால் பல் தந்தியடிக்கும். அந்தக் குளிர் போதும்.

புரட்டாசிக் கடைசியில் நாற்று விடுங்கள். நாலு வார நாற்றை, மழை விட்ட நாளாகப் பார்த்து, தண்ணீர் தேங்காத மேட்டுப்பாத்தியில் ஒன்றரை அடிக்கு ஒன்றாக நடுங்கள். அதற்குப் பதினைந்து நாள் முன்பே ஓரத்தில் கடுகு விதைத்துவிட்டால் வைரமுதுகு அந்துப்பூச்சி கடுகைத் தேடிப் போகும். மாசி வரை அடியிலைகளையே பறியுங்கள், குருத்தைத் தொடாதீர்கள்.

கேலுக்கு இவ்வளவு போதும். நான் பேச வந்தது நூக்கோலைப் பற்றி.

முட்டைக்கோஸ், காலிஃபிளவர், நூக்கோல், கேல் எல்லாம் ஒரே தாவர இனம். ராணுவத்தில் ஸ்ரீநகரில் இருந்த என் அண்ணன் ஒரு தை மாதம் விடுப்பில் வந்தார். அம்மா நூக்கோலை நறுக்கிவிட்டு இலையை ஆட்டுக்கு ஒதுக்கிக்கொண்டிருந்தார். "அம்மா, நிறுத்துங்க! காஷ்மீர்ல இதுதான் சாப்பாடு" என்று பிடுங்கிக்கொண்டார். அங்கே ஹாக் என்ற கீரை இதே இனம். நூக்கோலையும் இலையோடுதான் சமைப்பார்களாம். டிசம்பர் 21இல் தொடங்கும் நாற்பது நாள் கடுங்குளிருக்கு அங்கே சில்லை கலான் என்று பெயர். நமக்கு அது மார்கழியும் தையும். நம் நூக்கோல் திரளுவதும் அப்போதுதான்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் நூக்கோல் இலை குப்பைக்கும் போவதில்லை, ஆட்டுக்கும் போவதில்லை. விலை கொடுத்துக் கேல் விதை வாங்குகிறவர்கள் முதலில் இந்த இலையைத் தின்று பாருங்கள். செடிக்கு வாரம் ஓரிரண்டு வெளியிலை மட்டும். அதற்கு மேல் பறித்தால் காய் பெருக்காது. ஓரிரண்டு இலை, அவ்வளவுதான்.

அண்ணன் சமைத்த விதம் இது. காஷ்மீரில் ஊற்றுவது கடுகெண்ணெய், நமக்கு நல்லெண்ணெய். காய்ந்த மிளகாயைக் கிள்ளாமல் போட்டு, பெருங்காயம் தாளித்து, தண்ணீர் கொதித்ததும் இலையைப் போடுங்கள். மூடாதீர்கள், பச்சை நிறம் போய்விடும். உப்பைக் கடைசியில் போடுங்கள். இலை வெந்து சுருங்கிய பிறகுதான் அளவு தெரியும்.